விக்கிப்பீடியாவில் திருகோணமலையை எழுதப் போனபோது

என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் இப்போது விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். "சேர், நான் எழுதினதை யாரோ அழிச்சிட்டாங்கள்" என்று ஒருத்தி அண்மையில் அழாக்குறையாகத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். நான் தொடங்கிய காலத்தில் இதையெல்லாம் சொல்லித்தர எனக்கு ஆள் இருக்கவில்லை. உதவிப் பக்கங்கள் இருந்தன, ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தானே உதவிப் பக்கம் உதவும்.

2022இல் தொடங்கினேன். பெற்றோல் வரிசை, மின்வெட்டு என்று நாடே நின்றுபோயிருந்த நேரம். திருகோணமலை உவர்மலையில் நான் நடத்தும் டியூஷன் வகுப்புக்குப் பிள்ளைகள் வர வழியில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. சும்மா இருக்கும் மனம் எதையாவது வாசிக்கும் அல்லவா, ஃபோனில் எங்கள் மாவட்டத்து ஊர்களைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். கந்தளாய்க் குளம் 1986 ஏப்ரல் 20ஆம் தேதி அதிகாலையில் உடைத்துக்கொண்டு போனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்தப் பக்கம் குடியிருந்த என் சின்னம்மா சொல்லிச் சொல்லியே வளர்ந்தவன் நான். வெள்ளம் வருகிற சத்தம், மாடுகள் கத்தியது, கூரைமேல் ஏறி விடியும்வரை இருந்தது, இதெல்லாம் எனக்கு மனப்பாடம். இணையத்தில் அதைப் பற்றித் தமிழில் நான் கண்டது சொற்பம். நாமே எழுதினால் என்ன என்று தோன்றியது. கணக்கு ஒன்று திறந்தேன், 'தொகு' என்பதை அழுத்தினேன், பெட்டி திறந்தது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே அப்போது பெரிய அதிசயமாக இருந்தது.

முதல் இழப்பு மின்சாரத்தால் வந்தது. மாலை முழுக்கத் தட்டச்சு செய்து, சேமிக்கப் போகிற நேரத்தில் கரண்ட் போய், ரவுட்டரும் போய், ஃபோனில் டேட்டாவும் முடிந்திருந்தது. பக்கத்தைப் புதுப்பித்தபோது பெட்டி வெறுமையாக இருந்தது. ஆகவே முதல் புத்திமதி சின்னது: எழுதுவதை ஃபோனின் குறிப்புச் செயலியில் எழுதுங்கள், பிறகு ஒட்டுங்கள். முழுக் கட்டுரையையும் திறக்காமல் ஒரு பகுதியை மட்டும் திறந்து திருத்துங்கள். நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் அதே பகுதியைச் சேமித்துவிட்டால் தொகுப்பு முரண்பாடு என்று ஒரு பக்கம் வந்து நிற்கும். சின்னப் பகுதியாக எடுத்தால் அந்தத் தொல்லை குறைவு. டேட்டாவும் மிச்சம்.

திரும்ப எழுதினேன். இந்த முறை சேமித்தும் விட்டேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன், சின்னம்மாவுக்கு வாசித்தும் காட்டினேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. 'வரலாறு' பகுதியைத் திறந்து பார்த்தேன். நான் சேர்த்ததை ஒருவர் மீள்வித்திருந்தார், அதாவது நீக்கிப் பழையபடி ஆக்கியிருந்தார், பக்கத்தில் 'ஆதாரமற்றது' என்று ஒற்றைச் சொல். எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. அந்த இரவில் கூரைமேல் இருந்தவர் என் சின்னம்மா, அவரைவிட ஆதாரம் என்ன வேண்டும்? எங்கோ இருக்கிற ஒருவர், கந்தளாயைக் கண்ணால் கண்டிருப்பாரோ என்னவோ, எங்கள் வீட்டுக் கதையை ஆதாரமற்றது என்கிறார். இரண்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை.

இதில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். விக்கிப்பீடியா உண்மையை விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிற இடம் இல்லை. ஏற்கெனவே வேறொருவர், நம்பத்தக்க ஓரிடத்தில் அச்சிட்டதை எடுத்துத் தொகுத்துச் சொல்கிற இடம். மெய்யறிதன்மை என்று அதற்கு ஒரு கொள்கைப் பக்கமே இருக்கிறது. வாசிக்கிறவர் போய்ச் சரிபார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்னம்மாவின் நினைவை யாரும் போய்ச் சரிபார்க்க முடியாது. அதே சின்னம்மாவை ஒரு பத்திரிகையாளர் பேட்டி கண்டு வெளியிட்டிருந்தால் அது சான்று. அநியாயமாகத் தோன்றும். எனக்கு இன்றைக்கும் பாதி அநியாயமாகத்தான் தோன்றுகிறது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் காகிதம் மிஞ்சுவதே பெரும்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் போயின. இங்கே கிழக்கில் வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் அடையாள அட்டையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடின, பழைய பத்திரிகையை யார் தூக்குவார்? தப்பிக் கிடந்ததில் கரையோர வீடுகளில் இருந்ததை 2004 கடல் கொண்டுபோனது. 'ஆதாரம் கொடு' என்ற விதி எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிதான் எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரிப் பொருந்தவில்லை. இதை நான் பிறகு பலரிடம் வாதாடியிருக்கிறேன். விதி மாறவில்லை. நாம்தான் தேட வேண்டும்.

தேடத் தொடங்கியதில்தான் காசு கரைந்தது. உள்ளூர் நூலகத்தில் கொஞ்சம் கிடைத்தது. திருகோணமலைக் கல்வெட்டுகளைப் பற்றிய ஒரு நூல் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். பஸ் ஒழுங்காக ஓடாத காலத்தில் வவுனியா வழியாகப் போய், இரவு தங்கி, அடுத்த நாள் நூலைக் கண்டுபிடித்து, வேண்டிய பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு திரும்பினேன். பயணம், அறை, சாப்பாடு, கொப்பி என்று ஏறத்தாழ 12,000 ரூபா. வகுப்பு நடக்காத மாதத்தில் அது என்ன தொகை என்று டியூஷன் மாஸ்டர்மாருக்குத் தெரியும். வந்து சில வாரம் கழித்து 'நூலகம்' என்ற பெயருடைய இணையத்தளத்தில் வேறெதையோ தேடும்போது அதே நூல், முழுப் புத்தகம், அட்டையிலிருந்து அட்டைவரை, இலவசமாகக் கிடந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மனைவியிடம் சொல்லவில்லை, இதை வாசித்துத்தான் அறிவார்.

ஆகவே வீட்டைவிட்டு வெளிக்கிட முன்னம் 'நூலகம்' தளத்தைப் பாருங்கள். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிவருகிறார்கள். அங்கே கிடைக்காவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், அதற்குப் பிறகு இன்டர்நெட் ஆர்கைவ். ஆங்கிலேயர் காலத்து அறிக்கைகளும் பயண நூல்களும் அங்கே நிறைய. தேடும்போது திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை என்று மூன்று விதமாகவும் தேடுங்கள், பழைய நூல்களில் மூன்றும் இருக்கும். மின்வருடிய நூல் பெரும்பாலும் படமாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் சொல்லைத் தேடல் பெட்டி கண்டுபிடிக்காது. பொருளடக்கப் பக்கத்தைக் கண்ணால் வாசிக்கிற பொறுமை வேண்டும். கடைசியாகத்தான் பஸ். போனால் வேண்டிய பக்கத்தோடு தலைப்புப் பக்கத்தையும் பதிப்பு விவரம் இருக்கிற பக்கத்தையும் சேர்த்துப் படமெடுங்கள். ஆசிரியர், நூல், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஐந்தும் இல்லாத மேற்கோள் அரை மேற்கோள்தான். கோவில் விழா மலர்கள், தலபுராணம், முகநூல் பதிவு, யாரோ ஒருவருடைய யூடியூப் காணொளி இவற்றை வைத்து வரலாறு எழுதாதீர்கள். தலபுராணத்தைச் சேர்க்கலாம், 'தலபுராணம் இவ்வாறு கூறுகிறது' என்று அதன் வாயாலேயே சொல்லவைத்தால் யாரும் கைவைக்க மாட்டார்கள்.

கந்தளாய்ப் பகுதி இப்போது சின்னதாக, மேற்கோள்களோடு நிற்கிறது. இறந்தவர் தொகை சான்றுக்குச் சான்று வேறுபடுகிறது, அதனால் எந்தச் சான்று எதைச் சொல்கிறது என்று போட்டேன். சின்னம்மாவின் கூரை அதில் இல்லை. அதை ஒரு கொப்பியில் தனியாக எழுதி வைத்திருக்கிறேன், அதற்குரிய இடம் வேறு.

பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசல் கல்வெட்டு. கோணேசர் கோவிலுக்குப் போகிற எல்லோரும் அந்த வாசலைக் கடந்துதான் போகிறோம். உள்ளே இராணுவம், மரத்தடியில் புள்ளிமான்கள், அர்ச்சனைத் தட்டு விற்கிறவர்கள், அவசரமாக ஏறுகிற பஸ்கள். வாசலின் நிலைக்கல்லில் கயல் சின்னமும் சில தமிழ் எழுத்துகளும் இருக்கின்றன. ஒரு நாள் காலையில், சனம் வர முன்னம் போய் நின்று பார்த்தேன். வெள்ளை பூசிப் பூசி எழுத்தின் பள்ளம் நிரம்பியிருக்கிறது. வெயில் சரிந்து விழும்போது மட்டும் சில எழுத்து எழும்பித் தெரிகிறது, மற்றவை தடவிப் பார்த்தால்தான் தட்டுப்படும். 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் பாட்டு எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கோவிலைக் கட்டிய குளக்கோட்டனுக்குப் பின்னே பறங்கி (போர்த்துக்கேயன்) வருவான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் என்று போகும். ஆனால் கல்லில் இருப்பது உடைந்த எழுத்துகள். மிச்சத்தை நிரப்பியது ஊர் வாயும் அறிஞர்களின் ஊகமும். கடைசி அடியை ஒருவர் 'மானே வடுகாய் விடும்' என்று சொல்வார், இன்னொருவர் 'தானே வடுகாய்' என்பார். ஆளாளுக்குத் தன் பாடமே சரி. நான் எழுதும்போது கல்லில் தெரிகிற எழுத்து வேறு, நூலில் நிரப்பிய பாட்டு வேறு என்று பிரித்து, எந்த நூலில் எந்தப் பாடம் என்று குறித்தேன். அந்தப் பத்தி இன்றுவரை யாராலும் அழிக்கப்படவில்லை. எனக்குப் பிடித்த பாடம் அதில் இரண்டாவதாகத்தான் வருகிறது, பரவாயில்லை.

ஆண்டுச் சண்டை அப்படி லேசில் முடியவில்லை. போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தது 1622 என்று சில நூல்கள், 1624 என்று வேறு சில. போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா காலத்தில் நடந்தது என்பதிலும், அந்தக் கற்களைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள் என்பதிலும் பெரிய தகராறு இல்லை. நான் ஒரு ஆண்டைப் போட்டேன், ஒருவர் மாற்றினார், நான் திரும்ப மாற்றினேன், அவரும் மாற்றினார். இரவு பதினொரு மணிக்குப் படுக்கையில் கிடந்தபடி ஃபோனைப் பார்ப்பது, மாறியிருந்தால் எழும்பி உட்கார்வது. நித்திரை போனது, அடுத்த நாள் வகுப்பில் பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்தேன். அப்போது, பயனருக்குச் செய்தி விடுகிற என் பேச்சுப் பக்கத்தில் மூத்த பயனர் ஒருவர் எழுதினார்: "தம்பி, இரண்டு பேரும் கட்டுரையில் சண்டை பிடிக்காமல் அந்தக் கட்டுரையின் உரையாடல் பக்கத்துக்கு வாருங்கள், இரண்டு நூலையும் அங்கே வையுங்கள்." போனோம். எதிராளி லண்டனில் இருக்கிற ஒரு மட்டக்களப்பார், என்னைவிட நன்றாக வாசித்தவர். இரண்டு ஆண்டையும் அந்தந்த நூலின் பேரோடு போடுவது என்று ஒரு மாலையில் முடிந்துவிட்டது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று தடவைக்கு மேல் மீள்வித்தால் கணக்கையே தடுத்துவிடுவார்கள். தமிழில் ஆட்கள் குறைவு, பொறுமையாகப் பேசுவார்கள், ஆனால் எல்லை உண்டு. யாராவது மாற்றினால் ஒரு தடவை திரும்ப மாற்றுங்கள், தொகுப்புச் சுருக்கத்தில் காரணம் எழுதுங்கள். இரண்டாம் தடவை மாற்றினால் உரையாடல் பக்கம், வேறு வழி தேடாதீர்கள்.

அந்த மூத்தவரிடம்தான் 'ஆதாரமற்றது' என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றி ஆற்றாமையாகக் கேட்டேன். அவர் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தை ஒரு மணி நேரம் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தன் பேரை நடிகர் பட்டியலில் சேர்க்கிற பையன்கள், கெட்ட வார்த்தை, கட்சி விளம்பரம், வேறு தளத்திலிருந்து அப்படியே ஒட்டிய பக்கங்கள். இதையெல்லாம் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் ஒரு கைப்பிடி ஆட்கள், சம்பளம் இல்லாமல், வேலை முடிந்து வந்து செய்கிறவர்கள். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப ஆண்டுகளில் பெருமளவு தனியாகவே கட்டியெழுப்பியவர் யாழ்ப்பாணத்தவரான மயூரநாதன், அதற்காகக் கனடாவின் இயல் விருதும் பெற்றார். 2017இல் ஒரு இலட்சம் கட்டுரையைத் தாண்டியது. இவ்வளவையும் காக்கிறவர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து கடிதம் எழுத முடியாதுதான். ஆனாலும் புதிதாக வருகிறவருக்கு ஒரு வரி கூடுதலாக எழுதலாம் என்பதே என் கட்சி. நான் இப்போது யாருடையதையாவது நீக்கினால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் காரணம் எழுதுகிறேன். பாதிப் பேர் பதில் போடுவதில்லை, மீதிப் பேர் திரும்ப வந்து ஒழுங்காக எழுதுகிறார்கள்.

ஆங்கிலத்தில் ஒரு நாள் எழுதப் போனபோது 'நீங்கள் தடுக்கப்பட்டுள்ளீர்கள்' என்று வந்தது. ஒன்றுமே செய்யாத என்னை ஏன் என்று பதறினேன். ஃபோன் டேட்டாவில் ஆயிரக்கணக்கானோர் ஒரே இணைய முகவரி (ஐபி) வரிசையைப் பகிர்கிறோம், யாரோ ஒரு விஷமிக்காக வரிசையையே மூடிவிடுவார்கள். தடை உங்கள் பேரில் இல்லை. செய்தியை முழுதாக வாசியுங்கள், விலக்குக் கேட்கும் வழி அதிலேயே இருக்கும்.

படங்கள் விஷயத்தில் ஒரு குடும்பத்தையே இழுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அன்ரியின் மறைந்த கணவர் எழுபதுகளில் கமராவோடு திரிந்த மனிதர். டச்சுக் குடாவில் வள்ளங்கள் கரையேறி நிற்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம், பின்னால் கோணேசர் கோவில் இருக்கிற சுவாமிமலை. அன்ரி ஆசையாகத் தந்தார், நானும் ஃபோனில் படமெடுத்து விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றினேன். சில நாளில் நீக்கக் கோரிக்கை வந்தது. படச்சட்டத்தைக் கையில் வைத்திருப்பதால் உரிமை நம்முடையது ஆகாது, எடுத்தவருடையது, அவர் இறந்தபின் எழுபது ஆண்டுக்கு அவருடைய வாரிசுகளுடையது. வாரிசு தன் சொந்த மின்னஞ்சலிலிருந்து எழுத்தில் அனுமதி அனுப்ப வேண்டும். அன்ரிக்கு மின்னஞ்சல் கிடையாது. விறாந்தையில் உட்கார்ந்து ஒன்று திறந்து கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டபோது அவர் மிகுந்த இரகசியமாகக் காதுக்குள் சொன்னார், பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி "பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ தம்பி?" என்றார். அனுமதிக் கடிதத்தை வரிக்கு வரி தமிழில் சொன்னேன். படத்தை யாரும் பயன்படுத்தலாம், பெயர் குறிப்பிட வேண்டும், மாற்றலாம், வணிகத்துக்கும் எடுக்கலாம் என்று வந்த இடத்தில் நிறுத்தினார். "அப்ப ஒருத்தன் கலண்டர் அடிச்சு விக்கலாமோ?" விற்கலாம் என்றேன். "எங்களுக்கு ஒரு சதம் தரமாட்டான்?" தரமாட்டான் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். டொரொண்டோவில் இருக்கிற மகளை வட்ஸ்அப்பில் எடுத்தோம், அவருக்கும் உரிமை உண்டே. கடைசியில் வள்ளப் படத்தைத் தரலாம், அதே கடற்கரையில் மகள் சின்னப் பிள்ளையாக நிற்கிற படத்தைத் தரமுடியாது என்று முடிவானது. சரியான முடிவு. பழைய படம் கேட்கப் போகிறவர்கள் வணிகப் பயன்பாட்டையும் முதலிலேயே சொல்லுங்கள், அனுமதி வாங்கியபின் சொன்னால் அது ஏமாற்று. உங்கள் கையால் எடுத்த படம் என்றால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை, சாதாரண ஃபோன் கமராவே போதும். எங்கள் மாவட்டத்துக் குளங்களுக்கும் சந்தைகளுக்கும் நல்ல படம் இன்னும் வேண்டியிருக்கிறது.

காசு விஷயம் ஒன்று. உப்புவெளிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிற ஒருவர், நான் விக்கிப்பீடியாவில் எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு வந்தார். தன் விடுதிக்கு ஒரு பக்கம் வேண்டும், காசு தருகிறேன் என்றார். மறுத்தேன். காசு வாங்கி எழுதுவது முழுத் தடை இல்லை, யார் காசு கொடுத்தார் என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்பது 2014இலிருந்து பயன்பாட்டு விதி. ஆனால் அந்த விடுதியைப் பற்றி வேறு எவரும் எங்கும் எழுதியிருக்கவில்லை, பக்கம் நிற்காது. அவர் வேறொருவரை இணையத்தில் பிடித்தார். பக்கம் வந்தது, அழிக்கப்பட்டது. பிறகு 'நான் நிருவாகி, மீட்டுத் தருகிறேன்' என்று ஒருவன் மின்னஞ்சல் அனுப்பினான். மனிதர் 40,000 ரூபா கட்டியபின்தான் என்னிடம் ஓடி வந்தார். அது உலகம் முழுக்க நடக்கிற மோசடி. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் இதே தொழில் செய்த 381 கணக்குகளை ஒரேயடியாகத் தடுத்தார்கள். நிருவாகி என்பவரும் தன்னார்வலர்தான். எந்த மொழியிலும், எந்தப் பக்கத்தைக் காக்கவோ மீட்கவோ ஒரு சதம் கேட்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. கேட்டால் கள்ளன். அந்தக் காசு திரும்பி வரவில்லை.

எங்கே தொடங்குவது என்று அந்தப் பிள்ளை கேட்டாள். புதுக் கட்டுரையில் தொடங்க வேண்டாம் என்றேன். இருக்கிறதைத் திருத்துங்கள். 2009, 2010 அளவில் கூகுள் ஆட்களை வைத்து ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துத் தமிழ் விக்கிப்பீடியாவில் போட்டது. நீளமானவை, வாசித்தால் தலை சுற்றும். சமூகம் அப்போதே அதைக் குறை சொல்லியது. அந்த மாதிரி ஒரு கட்டுரையை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு பத்தி என்று, பேசுகிற தமிழனுக்கு விளங்கும்படி மாற்றி எழுதிப் பாருங்கள். வார்ப்புரு (அச்சுப்போல் மீண்டும் மீண்டும் பயன்படும் சட்டகம்), பகுப்பு (கட்டுரையை வகைப்படுத்துவது), மேற்கோள் எல்லாம் தானாகக் கைக்கு வரும், சண்டைக்கும் யாரும் வரமாட்டார்கள். சோதித்துப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது, சந்தேகம் கேட்க ஆலமரத்தடி இருக்கிறது. ஒக்டோபரை அக்டோபர் ஆக்கவோ அக்டோபரை ஒக்டோபர் ஆக்கவோ மட்டும் ஒரு கட்டுரையைத் திறக்காதீர்கள், இரண்டு நாட்டு வழக்கும் அங்கே செல்லும். அப்புறம் நம்மூர் ஆட்களுக்கு வாருங்கள். 1895இல் மோகனாங்கியை எழுதி வரலாற்று நாவலைத் தமிழில் தொடக்கிவைத்த சரவணமுத்துப்பிள்ளை திருகோணமலைக்காரர் என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மீன் வகைகள், சின்னக் குளங்கள், மறைந்த எழுத்தாளர்கள், ஊர்ப் பள்ளிக்கூடங்கள், இவற்றில் வேலை கிடக்கிறது.

கன்னியா வெந்நீர் ஊற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லமாட்டேன், முதலில் தொடாதீர்கள் என்பேன். ஏழு கிணறு, இராவணன் தாயாரின் ஈமக்கடனுக்காக வாளால் குத்திய இடம் என்ற ஐதீகம், இதுவரை சுலபம். அந்த நிலம் யாருடைய வழிபாட்டுக்குரியது என்ற இடத்துக்கு வந்தால் வெளியே இருக்கிற சண்டை முழுதும் கட்டுரைக்குள் வரும். 2019இல் அங்கே மக்கள் போராட்டமே நடந்தது. நடுநிலை நோக்கு என்பது நம் பக்க நியாயத்தை மறப்பது இல்லை, எதிர்ப்பக்கத்தார் என்ன சொல்கிறார்கள் என்பதையும் அவர்கள் ஒத்துக்கொள்கிற சொல்லில் எழுதுவது. தன் ஊர் பற்றி எழுதுகிறவனுக்கு அது சரியான கஷ்டம். நான் முயன்றேன், நித்திரை போனது, அந்தப் பக்கத்தை என் கவனிப்புப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஃபோனில் விக்கிப்பீடியா திறப்பதும் இல்லை. யாராவது மாற்றியிருந்தால் காலையிலும் அது அப்படியேதான் இருக்கும், பழைய வடிவமும் வரலாற்றில் பத்திரமாக இருக்கும்.